விலையைப் பார்க்கும் முன் எண்ணிக்கையைக் கேளுங்கள்: சந்தை மதிப்பு என்றால் என்ன?

என் சித்தப்பா அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பங்குச் சந்தையில் ஆர்வம் கொண்டவர். பழைய டைரி ஒன்றில் நாள்தோறும் பங்கு விலைகளைக் குறித்து வைப்பார். இடப்பக்கம் நிறுவனத்தின் பெயர், வலப்பக்கம் விலை, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. சில பெயர்களுக்கு எதிரே பச்சை மையில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் பங்கு மலிவு என்பதற்கு அது அடையாளம்.

2025 கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது அந்த டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. எம்.ஆர்.எஃப்., சுமார் 1,40,000 ரூபாய். வோடஃபோன் ஐடியா, சுமார் 7 ரூபாய். இரண்டாவதற்குப் பச்சைப் புள்ளி.

"டயர் கம்பெனி பெரிய இடம், நமக்கு எட்டாது. இது ஏழு ரூபாய்தானே, பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயிரத்து நானூறு பங்கு வரும்" என்றார்.

"சித்தப்பா, இந்த இரண்டில் எதைச் சந்தை பெரிய நிறுவனமாக மதிக்கிறது என்று நினைக்கிறீர்கள்?"

"இதில் கேட்க என்ன இருக்கிறது? லட்ச ரூபாய்ப் பங்குதான்."

அவருக்கு மட்டும் வரும் குழப்பம் அல்ல இது. பங்குச் சந்தைக்குள் நுழையும் பலரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களின் பக்கம் போகிறவர்கள் இன்னும் பலமாக இடறுகிறார்கள். அதனால்தான் சந்தை மதிப்பு என்ற ஒரே ஒரு கருத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்று தோன்றியது.

சுளையும் பழமும்

பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்தில் பலாப்பழம் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முழுப் பழமாக விற்கிறார். இன்னொருவர் அறுத்துச் சுளைகளாக விற்கிறார். ஒரு சுளை ஐந்து ரூபாய் என்று மட்டும் உங்களுக்குத் தெரிந்தால், பழத்தின் விலை என்ன என்று சொல்ல முடியுமா? உள்ளே எத்தனை சுளை என்று தெரிய வேண்டும். சுளை சிறியதாக இருந்தால் விலை குறைவாக இருக்கும். அதனால் பழம் சிறியது என்று ஆகிவிடாது.

பங்கு என்பது சுளை. நிறுவனம் என்பது பழம். ஒரு பங்கின் விலையை, அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பதுதான் சந்தை மதிப்பு. நாளிதழ்களில் இதைச் சந்தை மூலதனம் என்றும், பேச்சில் மார்க்கெட் கேப் என்றும் சொல்வார்கள். கணக்கு அவ்வளவுதான்.

இப்போது சித்தப்பாவின் இரண்டு வரிகளுக்கு வருவோம். எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் சுமார் 42.41 லட்சம். 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறிய கூடமாகத் தொடங்கிய நிறுவனம் அது. பங்கு விலை எவ்வளவு உயர்ந்தாலும் பங்குகளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கவே இல்லை. அதனால்தான் 2023 ஜூன் 13 அன்று, இந்தியாவில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட முதல் பங்காக அது செய்தியில் வந்தது. 42.41 லட்சத்தை 1,40,000 ரூபாயால் பெருக்கினால் சுமார் 59,400 கோடி ரூபாய்.

வோடஃபோன் ஐடியாவின் பங்குகள் 2025 ஏப்ரலுக்குப் பிறகு சுமார் 10,834 கோடி. லட்சம் அல்ல, கோடி. ஏழு ரூபாயால் பெருக்கினால் சுமார் 75,800 கோடி ரூபாய். ஏழு ரூபாய்ப் பங்கைக் கொண்ட நிறுவனம், லட்ச ரூபாய்ப் பங்கைக் கொண்ட நிறுவனத்தைவிடச் சந்தையின் கண்ணில் பெரிது. சித்தப்பா கால்குலேட்டரில் பூஜ்யங்களை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு பச்சைப் புள்ளியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஒரு பங்கு ஏழு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், சுளை மிகச் சிறியதாக நறுக்கப்பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். மலிவா, விலை அதிகமா என்று அந்த ஏழு ரூபாய் எதையும் சொல்லவில்லை. ஒரு பங்கைப் பலவாக உடைக்கும் பங்குப் பிரிப்பு, இலவசமாகக் கூடுதல் பங்கு தரும் போனஸ் ஆகியவற்றையும் இதே கண்ணால் பார்த்தால் குழப்பம் வராது. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஒரு பங்கு வைத்திருந்தவரிடம் இரண்டு ஆனது, விலை ஏறக்குறையப் பாதியானது. சுளையை இரண்டாகக் கிழித்தால் பழம் பெரிதாகாது. அன்று காலையில் விலையை மட்டும் பார்த்தவர்கள் பங்கு சரிந்துவிட்டது என்று பதறினார்கள்.

சந்தை மதிப்பு கூடும், உங்கள் பணம் கூடாது

பங்குகளின் எண்ணிக்கை நிலையானது அல்ல. நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடலாம். பணம் திரட்டவோ, ஊழியர்களுக்குக் கொடுக்கவோ, கடனுக்கு ஈடாகவோ அது நடக்கும்.

2025 ஏப்ரலில் நடந்தது ஒரு நல்ல பாடம். வோடஃபோன் ஐடியா மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாயை அரசு பங்குகளாகப் பெற்றுக்கொண்டது. ஒரு பங்கு 10 ரூபாய் என்ற கணக்கில் 3,695 கோடிப் புதிய பங்குகள். அரசின் பங்கு சுமார் 22.6 சதவீதத்திலிருந்து 48.99 சதவீதமாக உயர்ந்தது.

இதற்கு முன் பங்குகளின் எண்ணிக்கை சுமார் 7,139 கோடி. சந்தை விலை ஏழு ரூபாயிலேயே அசையாமல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு சுமார் 50,000 கோடியிலிருந்து 75,800 கோடியாகிவிடும். 25,000 கோடிக்கு மேல் உயர்வு! ஆனால் ஏற்கெனவே ஆயிரம் பங்கு வைத்திருந்தவரிடம் அதே ஏழாயிரம் ரூபாய்தான் இருக்கும். நிறுவனத்தில் அவருடைய பாகமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். கடன் குறைந்தது நிறுவனத்துக்கு நன்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சந்தை மதிப்பு உயர்ந்தது என்ற செய்தியைப் படிக்கும்போது, உயர்ந்தது விலையா எண்ணிக்கையா என்று கேட்கும் பழக்கம் வேண்டும். இந்தப் பழக்கம் கிரிப்டோவில் உயிர்காக்கும்.

இங்கே லார்ஜ் கேப், மிட் கேப், ஸ்மால் கேப் ஆகியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மியூச்சுவல் ஃபண்டுகளுக்காகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017-ல் வகுத்த முறைப்படி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-க்குப் பின் வருபவை எல்லாம் ஸ்மால் கேப். ஆறு மாதச் சராசரியை வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியல் திருத்தப்படுகிறது. எனவே ஸ்மால் கேப் என்பதற்கும் பங்கின் விலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாயிரம் ரூபாய்ப் பங்கு ஸ்மால் கேப்பாக இருக்கலாம், ஐம்பது ரூபாய்ப் பங்கு லார்ஜ் கேப்பாக இருக்கலாம்.

ஏழு லட்சம் ரூபாய்க்கு ஒரு நிறுவனம்

பெருக்கல் எளிது. ஆனால் பெருக்கப்படும் விலை எங்கிருந்து வருகிறது? கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்திலிருந்து. இந்த ஒரு விஷயத்தில்தான் சந்தை மதிப்பின் பலமும் பலவீனமும் ஒளிந்திருக்கின்றன.

மும்பையில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்று ஒரு நிறுவனம். அதன் மொத்தப் பங்குகள் இரண்டே இரண்டு லட்சம். அதன் சொத்தில் பெரும்பகுதி ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகள், அவற்றின் மதிப்பு மட்டும் பல ஆயிரம் கோடி ரூபாய். ஆனால் 2024 ஏலத்துக்கு முன் எல்சிட் பங்கின் விலை 3 ரூபாய் 53 காசு என்றே பட்டியலில் நின்றிருந்தது. இரண்டு லட்சத்தை 3.53-ஆல் பெருக்கிப் பாருங்கள். 7,06,000 ரூபாய். பல ஆயிரம் கோடி ரூபாய்ப் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் சந்தை மதிப்பு, ஒரு சிறிய காரின் விலை!

காரணம் எளிது. அந்த விலைக்கு விற்க ஒருவரும் தயாராக இல்லை. வியாபாரம் ஏறக்குறைய நடக்கவே இல்லை. என்றோ பதிந்த விலை தூசி படிந்து அப்படியே கிடந்தது. சொத்தின் கணக்குக்கும் சந்தை விலைக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள முதலீட்டு நிறுவனங்களுக்கு உண்மையான விலையைக் கண்டறிய, செபி 2024-ல் தனி ஏலமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி 2024 அக்டோபர் 29 அன்று நடந்த ஏலத்துக்குப் பிறகு எல்சிட் பங்கின் விலை 2,36,250 ரூபாய். ஒரே நாளில் சந்தை மதிப்பு ஏழு லட்சத்திலிருந்து 4,725 கோடியாகியது. இந்தியாவின் விலையுயர்ந்த பங்கு என்ற பெயர் எம்.ஆர்.எஃப்.-இடமிருந்து அதற்குப் போனது. சந்தை மதிப்பில் மட்டும் அது எம்.ஆர்.எஃப்.-இன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த ஒரே நாளில் நிறுவனத்துக்குள் எதுவும் மாறவில்லை. அதே பங்குகள், அதே அலுவலகம். 4,725 கோடி ரூபாயை யாரும் அதற்குள் கொண்டுபோய்க் கொட்டவும் இல்லை.

நம் ஊர் மனை விற்பனையை நினைத்துப் பாருங்கள். ஒரு நகரில் நூறு மனை. ஒருவர் மகள் திருமணத்துக்காகத் தன் மனையைச் சென்ட் ஐந்து லட்சத்துக்கு விற்கிறார். மறுநாளே மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தங்கள் மனையும் சென்ட் ஐந்து லட்சம் என்று மனத்துக்குள் எழுதிக்கொள்கிறார்கள். நகரின் மொத்த மதிப்பு கோடிக்கணக்கில் கூடிவிட்டது. கைமாறிய பணமோ ஒரே ஒரு மனைக்கானது. நூறு பேரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் அந்த விலை நிற்குமா? நிற்காது. அதே போல, யாரோ ஒருவர் அவசரத்துக்கு மூன்று லட்சத்துக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்களின் மதிப்பும் இறங்கிவிடும். யாரும் யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்த நாள். மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் ஒரே நாளில் 4,389 புள்ளிகள் வீழ்ந்தது. முதலீட்டாளர்களின் 31 லட்சம் கோடி ரூபாய் காணாமல் போனது என்று செய்திகள் வந்தன. அன்று மாலை என்னிடம் பலர் கேட்ட கேள்வி: "அவ்வளவு பணமும் யாரிடம் போனது?" யாரிடமும் போகவில்லை. முந்தைய நாள் விலையால் பெருக்கிய தொகைக்கும் அன்றைய விலையால் பெருக்கிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் அது. அதே வாரத்தில், ஜூன் 7 அன்று, சென்செக்ஸ் புதிய உச்சத்தைத் தொட்டது. அன்றும் யாரும் 31 லட்சம் கோடியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை. உண்மையான நட்டம் அடைந்தவர்கள், அச்சத்தில் 4-ஆம் தேதியே விற்றுவிட்டவர்கள். அவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சந்தையில் எவ்வளவு புழங்குகிறது?

மனை உதாரணத்தை இன்னும் ஒரு படி நீட்டலாம். நூறு மனையில் தொண்ணூற்றாறு ஒரே குடும்பத்துக்குச் சொந்தம், அவர்கள் விற்கப் போவதில்லை என்றால்? மீதி நான்கு மனையில் நடக்கும் வியாபாரம்தான் நூறு மனையின் விலையையும் தீர்மானிக்கும்.

2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 949 ரூபாய், மொத்தப் பங்குகள் சுமார் 632.5 கோடி. பெருக்கினால் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய், நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களின் வரிசையில் நேராக ஓர் இடம். ஆனால் அரசு விற்றது 3.5 சதவீதப் பங்குகளை மட்டுமே. மீதி 96.5 சதவீதம் அரசிடமே இருந்தது. பொதுமக்களும் நிறுவனங்களும் வாங்கி விற்கக்கூடிய பகுதியின் மதிப்பு சுமார் 21,000 கோடி மட்டும்.

இப்படிப் புழக்கத்தில் உள்ள பங்குகளை மட்டும் கணக்கில் எடுப்பதை ஃப்ரீ ஃப்ளோட் என்கிறார்கள். நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர்களும் அரசும் நிரந்தரமாக வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டுப் பெருக்குவது. சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும், தேசியப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டி 2009 ஜூனிலும் இந்த முறைக்கு மாறின. வாங்க முடியாத பங்கை வைத்துச் சந்தையின் போக்கைச் சொல்வது சரியல்ல என்பதே காரணம். எந்த நிறுவனத்தில் யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பது காலாண்டுக்கு ஒரு முறை பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் வெளியாகிறது. இலவசமாகப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை.

சரி, ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு 42,000 கோடி என்று தெரிந்துவிட்டது. அது அதிகமா, குறைவா? அதற்கு நிறுவனத்தின் லாபத்தை எதிரே வைக்க வேண்டும். எம்.ஆர்.எஃப். பங்கு முதன்முதலில் லட்சத்தைத் தொட்டபோது சந்தை மதிப்பு சுமார் 42,400 கோடி. அதற்கு முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 770 கோடி. அதாவது லாபத்தைப் போல் 55 மடங்கு. அடுத்த நிதியாண்டில் லாபம் சுமார் 2,080 கோடியாக உயர்ந்தது. அதே 42,400 கோடியை இந்த லாபத்தால் வகுத்தால் 20 மடங்கு மட்டுமே. ரப்பர், கச்சா எண்ணெய் விலைகள் இறங்கினால் டயர் நிறுவனத்தின் லாபம் உயரும் என்று முன்பே கணித்தவர்களுக்கு 55 மடங்கு அச்சம் தரவில்லை. பங்கு மலிவா என்ற கேள்விக்குப் பதில் இந்த வகுத்தலில்தான் தொடங்குகிறது.

கிரிப்டோவில் பெருக்குவது எதை?

சித்தப்பாவின் மகன் கல்லூரியில் படிக்கிறான். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணா, ஷிபா இனு நாணயம் இருக்கிறதே, இப்போது சுமார் ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டால் போதும். ஆயிரம் ரூபாய் போட்டால் பத்து லட்சம்."

கிரிப்டோ நாணயங்களுக்கும் பெருக்கல் ஒன்றுதான்: ஒரு நாணயத்தின் விலை, புழக்கத்தில் உள்ள நாணயங்களின் எண்ணிக்கை. அதனால் அவனையும் எண்ணிக்கையைத் தேடச் சொன்னேன். தேடினான். சுமார் 589 லட்சம் கோடி நாணயங்கள்.

முதலில் அன்றைய மதிப்பைப் போட்டோம். ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்கு விலை என்றால், சுமார் 59,000 கோடி ரூபாய். அருகில் இருந்த டைரியில் எம்.ஆர்.எஃப்.-க்கு நாங்கள் எழுதியிருந்த தொகையும் ஏறக்குறைய அதுதான். ஒன்றின் விலை லட்சத்தில், மற்றதன் விலை பைசாவின் துணுக்கில். சந்தை மதிப்போ ஒன்றே போல. அடுத்து, அவன் விரும்பிய ஒரு ரூபாயைப் போட்டோம். 589 லட்சம் கோடி ரூபாய். 2024 செப்டம்பர் இறுதியில் மும்பைப் பங்குச் சந்தை உச்சத்தில் இருந்தபோது, அங்கு பட்டியலான எல்லா நிறுவனங்களின் சந்தை மதிப்பும் சேர்ந்து சுமார் 478 லட்சம் கோடி. ரிலையன்ஸ், டி.சி.எஸ்., வங்கிகள், எம்.ஆர்.எஃப். எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றையெல்லாம்விட இந்த ஒரு நாணயம் பெரியதாக வேண்டும், அப்போதுதான் ஒரு ரூபாய். அவன் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பூஜ்யங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

விலை குறைவாக இருப்பதால் ஏற இடம் நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கையை வைத்தே பல நாணயங்கள் உருவாக்கப்படுகின்றன. எண்ணிக்கையைக் கோடி கோடியாக வைத்தால் விலை தானாகவே பைசாவுக்குக் கீழே போய்விடும், பார்ப்பவர் கண்ணுக்கு மலிவாகத் தெரியும். இது எனக்குக் கோபம் தரும் விஷயம். இளைஞர்களின் சிறுசேமிப்பு இப்படித்தான் கரைகிறது.

ஷிபா இனுவிலேயே இன்னொரு நிகழ்வும் உண்டு, அது நம் நாட்டோடு தொடர்புள்ளது. தொடக்கத்தில் 1,000 லட்சம் கோடி நாணயங்களை உருவாக்கி, அதில் பாதியை எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரினுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் கேட்கவில்லை. 2021 மே மாதம், இந்தியா கொரோனா இரண்டாம் அலையில் தவித்துக்கொண்டிருந்தபோது, அதில் 50 லட்சம் கோடி நாணயங்களை இந்தியக் கொரோனா நிவாரண நிதி ஒன்றுக்குக் கொடுத்தார். அன்றைய விலையால் பெருக்கினால் சுமார் 100 கோடி டாலர். ஆனால் செய்தி வெளியானதுமே நாணயத்தின் விலை கடுமையாகச் சரிந்தது. மொத்தமாக விற்றால் வாங்க ஆள் இருக்காது என்பதால் நிதியை நிர்வகித்தவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் விற்க வேண்டியிருந்தது. தன்னிடம் மீதமிருந்ததில் சுமார் 410 லட்சம் கோடியைப் பியூட்டரின் யாரும் எடுக்க முடியாத முகவரிக்கு அனுப்பி அழித்துவிட்டார். இன்றைய 589 லட்சம் கோடி அப்படி வந்ததுதான். பெருக்கி வரும் தொகையும் கைக்கு வரும் தொகையும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிரிப்டோவில் எண்ணிக்கை மூன்று வகைப்படும். இப்போது புழக்கத்தில் உள்ளவை, உருவாகிவிட்டாலும் இன்னும் வெளியே வராதவை, இனி எப்போதுமாகச் சேர்த்து உருவாகக்கூடிய உச்ச அளவு. பிட்காயினின் உச்ச அளவு 2.1 கோடி என்று அதன் நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை 1.98 கோடிக்கு மேல் வந்துவிட்டன. புதிதாக வரும் வேகமும் ஏறக்குறைய நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிறது, கடைசியாக 2024 ஏப்ரலில் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது சந்தை மதிப்பு ஏறக்குறைய 2 லட்சம் கோடி டாலர். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோவிடம் சுமார் பத்து லட்சம் நாணயங்கள் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவை ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. கடவுச்சொல் தொலைந்து நிரந்தரமாகப் பூட்டப்பட்டவையும் ஏராளம். பெருக்கலில் இவை எல்லாம் சேர்கின்றன. டோஜ்காயினுக்கு உச்ச அளவே இல்லை. ஆண்டுக்கு 500 கோடிக்கு மேல் புதிதாக வந்துகொண்டே இருக்கும்.

புழக்கத்தில் சிறிதளவை மட்டும் விட்டு, மீதியை உருவாக்கியவர்களே வைத்துக்கொள்ளும் நாணயங்களில் கூடுதல் கவனம் தேவை. 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் பெயரில் வெளியான நாணயத்தின் மொத்த அளவு 100 கோடி. முதலில் புழக்கத்துக்கு வந்தது 20 கோடி மட்டும். மீதி 80 கோடி, டிரம்ப்புடன் தொடர்புள்ள நிறுவனங்களிடம். இரண்டே நாளில் விலை 70 டாலரைத் தாண்டியது. புழக்கத்தில் உள்ளதை வைத்துப் பெருக்கினால் 1,400 கோடி டாலர், மொத்தத்தையும் வைத்துப் பெருக்கினால் 7,000 கோடி டாலர். இந்த இரண்டாவது தொகையை முழு நீர்த்த மதிப்பு என்று சொல்லலாம். மீதி எண்பது கோடியும் படிப்படியாகச் சந்தைக்கு வரும்போது அவற்றை யாராவது வாங்க வேண்டும், இல்லையென்றால் விலை இறங்க வேண்டும். அந்த நாணயத்தின் விலை உச்சத்திலிருந்து சில வாரங்களிலேயே பெரிதும் இறங்கிவிட்டது.

எண்ணிக்கை கட்டுப்பாட்டை இழந்தால் என்ன ஆகும் என்பதை லூனா என்ற நாணயம் காட்டியது. 2022 மே மாதத் தொடக்கத்தில் அதன் விலை சுமார் 80 டாலர், எண்ணிக்கை சுமார் 35 கோடி. யு.எஸ்.டி. (UST) என்ற துணை நாணயம் எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு யு.எஸ்.டி. கொடுப்பவருக்கு ஒரு டாலர் மதிப்புள்ள லூனா புதிதாக அச்சிட்டுக் கொடுக்கப்படும். நம்பிக்கை குலைந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற வந்தார்கள். லூனா விலை விழ விழ, அதே ஒரு டாலருக்கு இன்னும் அதிக லூனா அச்சிட வேண்டியிருந்தது. அச்சிட அச்சிட விலை இன்னும் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை 35 கோடியிலிருந்து சுமார் 6.5 லட்சம் கோடியாகி, விலை பூஜ்யத்தை ஒட்டிப் போய்விட்டது. ஒரு நிறுவனம் புதிய பங்கு வெளியிட வேண்டுமென்றால் பங்குதாரர்களின் ஒப்புதல், அறிவிப்பு, விதிமுறை என்று எத்தனையோ இருக்கிறது. இங்கே எல்லாம் நிரலிலும் அதை எழுதியவர்களின் நேர்மையிலும் தொங்குகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நிறுவனத்தின் சந்தை மதிப்பை லாபத்தால் வகுத்துப் பார்க்கலாம் என்று மேலே சொன்னேன். பெரும்பாலான கிரிப்டோ நாணயங்களுக்கு லாபமும் இல்லை, லாபத்திலிருந்து பிரித்துத் தரும் டிவிடெண்டும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. வகுக்க எதுவும் இல்லாததால், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் சந்தை மதிப்பு அங்கே பயன்படுகிறது. மதிப்பு நியாயமானதா என்று அது சொல்லாது. இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் பிட்காயின் வாங்கினால் எனக்கு மறுப்பில்லை. தெரியாமல் பைசாவுக்குக் கிடைக்கிறது என்று வாங்குவதுதான் வருத்தம்.

அன்று மாலைக்குள் சித்தப்பா டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்து இன்னும் இரண்டு கோடுகள் போட்டுவிட்டார். ஒன்று பங்குகளின் எண்ணிக்கைக்கு, ஒன்று சந்தை மதிப்புக்கு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் வோடஃபோன் ஐடியா பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "75,800 கோடி கொடுத்தால் முழு நிறுவனமும் நம்முடையது என்றாகிறது. ஆனால் அவர்கள் அரசுக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை மிச்சம் இருக்கிறதே, அதை யார் கட்டுவது?"

வாங்குபவர்தான் கட்ட வேண்டும். அடமானத்தில் இருக்கும் வீட்டை வாங்குவது போலத்தான். விற்பவருக்குக் கொடுக்கும் தொகை ஒன்று, வங்கிக்குக் கட்டி மீட்க வேண்டிய தொகை இன்னொன்று, இரண்டும் சேர்ந்ததே வீட்டின் உண்மை விலை. நிறுவனத்துக்கும் சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கையில் உள்ள ரொக்கத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரே சந்தை மதிப்புள்ள இரண்டு நிறுவனங்களில் ஒன்று கடனே இல்லாமலும் மற்றது கழுத்தளவு கடனோடும் இருக்கலாம். விலையிலோ சந்தை மதிப்பிலோ அது தெரியாது, ஆண்டறிக்கையின் கடன் பக்கத்தில்தான் தெரியும்.

"அப்படியானால் இன்னொரு கோடு போட வேண்டும்" என்று சொல்லி, ஸ்கேலை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார்.